கண்மாயில் வந்து நின்ற பல்கலைக்கழகம்

எங்கள் ஆத்திக்குளம் கண்மாய்க்குள் பல்கலைக்கழகம் வந்து நின்றதை முதலில் பார்த்தவள் ஆடு மேய்க்கிற ராக்கு. பார்த்தவள் கூச்சல் போடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. கருவேல நெற்றுக்கு இனி ஆடுகளை வேறு பக்கம்தான் பத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மந்தையை மேற்கே திருப்பிவிட்டாள். பொழுது அடைந்து வீடு திரும்பி, கஞ்சியைக் குடித்துக் கை கழுவும்போதுதான் "கம்மாய்க்குள்ள ஒரு காலேஜி நிக்குது" என்று புருஷனிடம் சொன்னாள். அதற்குள் ஊர் மொத்தமும் பார்த்து முடித்து, பேசியும் முடித்திருந்தது.

தண்ணீர் கண்டு பல வருஷமான கண்மாய் அது. அதில் நாலு மாடிக் கட்டடங்களும், நீலக் கண்ணாடி பதித்த முகப்பும், கொடிக்கம்பமும், வரிசையாக மஞ்சள் பேருந்துகளும், நடுவில் நிறுவனரின் மார்பளவுச் சிலையும், சிலையின் தலையில் காக்கை எச்சமும், எல்லாம் என்றைக்கோ கட்டி வெயிலும் புழுதியும் பட்டுப் பழகியதுபோல நின்றன. பக்கத்து நகரத்தில் இருக்கிற பல்கலைக்கழகம்தான் அது என்று பெயர்ப் பலகையைப் படிக்காமலே எல்லாருக்கும் தெரிந்தது. டவுன் பஸ் கண்டக்டர் பால்சாமி மட்டும் சந்தேகப்பட்டு அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அங்க இருந்தது அங்கயேதான் இருக்கு. பிள்ளைக வழக்கம்போல போகுதுக வருதுக. நம்மூருக்கு வந்தது வேற" என்றார்.

வந்தது யாருக்காக என்பதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. அது செண்பகவல்லி வேண்டாமென்று விட்டுவிட்டுப் போன பல்கலைக்கழகம்.

செண்பகவல்லி, காராச்சேவுக் கடை தவசிலிங்கத்தின் ஒரே மகள். பால்பல் விழுவதற்கு முன்பே தாயைப் பறிகொடுத்தவள். அதன்பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். முன்பக்கம் தகப்பன் சேவு பிழிவார், பின்பக்கம் மகள் கடலைமாவு மூட்டைமேல் உட்கார்ந்து படிப்பாள், சட்டியில் எண்ணெய் சீறுகிற சத்தத்தோடுதான் அவளுக்கு எந்தச் சூத்திரமும் மனசில் பதியும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளைக் கூப்பிட்டன. ஒன்று பக்கத்தில்: காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கலாம். இன்னொன்று சென்னையையும் தாண்டி, ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய தூரத்தில். அதன் பெயரைச் சொன்னால் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சேவுக் கடை வாசலில் ஊர் கூடித் தேர் இழுத்தது, ஆளுக்கொரு திசையில். பொம்பளைப் பிள்ளையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்புவதா என்றார்கள் பாதிப் பேர்; கிணற்றுத் தவளையாகவே கிடக்கவா என்றார்கள் மீதிப் பேர். பேச வேண்டிய இரண்டு பேர் மட்டும் பேசவில்லை.

"நீங்களே சொல்லுங்கப்பா" என்பாள் மகள்.

"ஒன் இஷ்டந்தான் தாயி" என்பார் தகப்பன்.

இப்படி இஷ்டத்தை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டே இருந்ததில், சேருவதற்கான கடைசி நாள் வாசலில் வந்து நின்றது. எங்கள் ஊரில் மனுஷனுக்குப் பிடிபடாத காரியத்தை மாரியாத்தாளிடம் விட்டுவிடுவது வழக்கம். சிவப்பரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஆத்தா காலடியில் போட்டு, ஒன்றுமறியாத சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வோம். எடுத்துப் பிரித்ததுதான் ஆத்தா வாக்கு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. கண்மாயில் கொண்டுபோய் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

சிவப்பு வந்தால் தூரம், வெள்ளை வந்தால் பக்கம் என்று வேண்டிக்கொண்டார்கள். பொட்டலம் மடித்தவர் தவசிலிங்கமேதான். தினமும் சேவு மடித்துப் பழகிய கை. இரண்டு பொட்டலமும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தவசிலிங்கம் கண்ணை மூடிக் கும்பிட்டார். செண்பகவல்லி பூவைப் பார்க்கவில்லை, தகப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பொட்டலத்தை எறிய அவளைத்தான் அனுப்பினோம். கண்மாய்க்குப் போனவள் வர நேரமானது. வந்தபோது கண் சிவந்திருந்தது. ஊரைவிட்டுப் போகிற பிள்ளைக்கு அழுகை வரத்தானே செய்யும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அவள் ரயில் ஏறிப்போய், அங்கே வகுப்புத் தொடங்கிய அன்றைக்குத்தான் இங்கே கண்மாய்க்குள் இது வந்து நின்றது. காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. மைக்கில் ஒரு பெண் குரல், பேராசிரியர் குரல், வருகைப் பதிவு எடுத்தது. அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் இருந்தது ஒரே பெயர்.

"த. செண்பகவல்லி."

நாங்கள் கரையில் நின்றோம். "த. செண்பகவல்லி" என்று குரல் திரும்பவும் கூப்பிட்டது. அதில் கோபமில்லை, அவசரமில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டு ஆளைத் தேடுகிற குரலாக இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள், கையில் மாவு அப்பியபடி தவசிலிங்கம் கரையிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, படியேறி ஓடி, தான் எட்டாவதோடு நிறுத்திய பள்ளிக்கூடத்தில் கற்ற ஒரே பதிலைச் சொன்னார்.

"உள்ளேன் ஐயா!"

பேராசிரியர் அம்மாளை ஐயா என்றதைப் பற்றி அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பெயருக்கு நேராகக் குரல் வந்தால் போதும், முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் எந்தக் காலேஜில் இருக்கிறது. பதிவு செய்துவிட்டுப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் பூசாரி சுடலைமுத்து சேவுக் கடைக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, உள்ளதச் சொல்லும். ஆத்தா வாக்குச் சொன்ன பெறவு, வேண்டாம்னு விட்டது எதுக்கு இங்க வந்து நிக்கணும்?"

தவசிலிங்கம் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பத்தான் வச்சேன்."

கடை வாசலில் சேவு வாங்க நின்றவர்கள் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்கள்.

"அவ எனக்காவ இங்கனயே கெடந்துருவாய்யா. மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. நான் போன்னு சொன்னாப் போவ மாட்டா. ஆத்தா சொன்னாப் போவா."

"அப்ப வெள்ளைக்கு ஆத்தா முன்னால எடமே குடுக்கல நீரு" என்றார் பூசாரி. "அதான் அது தானா எடம் தேடி வந்துருக்கு." அதற்குமேல் அவரும் காரணம் தேடவில்லை, நாங்களும் தேடவில்லை. தவசிலிங்கம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இது மகளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்துவிடுவாள். எல்லாரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். காலையில் சொன்ன ரகசியம் மத்தியானச் சோற்றுக்குள் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிற ஊர் எங்கள் ஊர். ஆனாலும் இந்த ஒன்றைக் காப்பாற்றினோம்.

பல்கலைக்கழகம் எங்களுக்குப் பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. கலையரங்கத்து மொட்டைமாடியில் பெண்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், கீழே அரங்கத்தில் முகூர்த்தம் நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் மின்விசிறிகளை எண்ணி வியந்து போனார்கள். குடிதண்ணீர்க் குழாயில் சில்லென்று வந்த தண்ணீருக்காகக் குடங்கள் வரிசை நின்றன. டவுன் பஸ்ஸில் 'யுனிவர்சிட்டி ஸ்டாப்' என்று ஒரு நிறுத்தம் சேர்ந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் நோட்டீஸ் கொண்டுபோனார். அங்கிருந்த அலுவலகத்தில் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து, நூலகத்தைச் சுற்றிக்காட்டினார்கள். அன்றிலிருந்து பதவி உயர்வுப் பரீட்சைக்கு அவர் அங்கேதான் படித்தார், ஆக்கிரமிப்பைப் பற்றிக் கேட்டால் "கோப்பு மேல போயிருக்கு" என்பார்.

எல்லாரும் எல்லாவற்றையும் பயன்படுத்தினோம், படிப்பை மட்டும் தவசிலிங்கத்துக்கு விட்டுவிட்டோம். தினமும் காலை சேவுக் கடையைப் பூட்டிவிட்டு அவர் போவார். கட்டுப்பாடான காலேஜ் அது. தாடி கூடாது, சட்டையை உள்ளே விட வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். அட்டையில் மகளின் போட்டோ இருந்தது. நரைத்த நெஞ்சின்மேல் மகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் கரையில் நடந்துபோவதைப் பார்த்து முதலில் சிரித்தோம், பிறகு சிரிக்கவில்லை. செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருப்பார், அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கூடைக்குள் விழுகிற ஒரே போன் தவசிலிங்கத்தினுடையது.

பாடம் அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, அதைப் பெருமையாகவே சொல்வார். "கரண்டு எங்கயோ போகுது, எங்கயோ வருதுங்காவ. நமக்கென்ன, பேரு கூப்புட்டாச் சரி." ஆனால் அந்த ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை பக்கத்திலேயே படிப்பதுபோல, சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு "பசிக்குதுப்பா" என்று வந்து நிற்கப்போவதுபோல இருக்கும் என்று ஒருநாள் பால்சாமியிடம் சொன்னார். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு உள்ளே போனால் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருக்கும், ஒன்றை மட்டும் எடுத்து நிமிர்த்துவார்.

இதில் நடந்த அநியாயம் ஒன்று உண்டு. மகள் அங்கே விடுதியிலிருந்து வகுப்புக்கு நடக்கிற நேரமும் அதே ஒன்பது மணிதான். பெரிய இடம், நீண்ட சாலை, கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் பேசிச் சிரித்துப் போகிற பாதையில் இவள் தனியாக நடப்பாள்; நடந்துகொண்டே அப்பாவைக் கூப்பிடுவாள். போன் கூடைக்குள் கிடந்து கத்தும். இங்கே இல்லாத மகளுக்காக உள்ளே கையைத் தூக்கிக்கொண்டிருப்பார் தகப்பன்.

"அண்ணாச்சி, ஒங்க போனு ரொம்ப நேரமாக் கத்திக்கிட்டே கெடந்துச்சு" என்பார் வாட்ச்மேன், அவர் வெளியே வரும்போது.

உடனே கூப்பிடுவார். அவள் வகுப்பில் இருப்பாள், எடுக்க மாட்டாள். சாயங்காலம் பேசுவார்கள். சாப்ட்டியாம்மா, சாப்ட்டேன்ப்பா, மழை உண்டா, இல்லப்பா, வச்சிரட்டா, சரிப்பா. காலையில் தோன்றிய பேச்சு பஜ்ஜி மாதிரி, சாயங்காலம் எடுத்தால் நமத்துத்தான் போயிருக்கும். காலையில் ஏன் எடுப்பதில்லை என்று அவள் கேட்டபோது, "கடையில கூட்டம் தாயி" என்றார். அந்த நேரத்தில் சேவுக் கடையில் ஈகூட உட்காராது என்பது மூட்டைமேல் உட்கார்ந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

முதல் வருஷம் போன் தினமும் கத்தியது. அடுத்த வருஷம் எப்போதாவது. அதற்கடுத்த வருஷம் தவசிலிங்கம்தான் கேட்டில் நின்று கேட்பார், "இன்னைக்கு அடிச்சுதா?"

"இல்லயே அண்ணாச்சி."

"ஒரு நாளு அங்க போவாம வீட்டுல இரும்யா, பிள்ள கூப்புட்டா எடும்யா" என்று பால்சாமி சண்டையே போட்டார். தவசிலிங்கம் தலையை ஆட்டினார். "போவாட்டி ஆப்சென்ட்டுன்னு போட்ருவாவ." போட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்டோம். மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "பேரக் கூப்புட்டு பதிலு வராம இருந்தத ஒருதடவ பாத்துட்டேன்யா. அவ அம்மாவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சுக் கூப்புட்டேன், கூப்புட்டேன், கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். பிள்ள பேருக்கும் அப்படி ஆவ விடமாட்டேன்."

விடுமுறைக்கு மகள் வருகிற நாட்களில்தான் ஊருக்குப் பெரிய வேலை. அவளுக்கு விடுமுறை என்றால் கண்மாய்க்குள் இருந்ததற்கும் விடுமுறை, அதனால் மைக் பேசாது. கட்டடத்தைத்தான் மறைக்க வேண்டும். முகப்பில் இருந்த பெயரின்மேல் காதுகுத்து விழா பிளக்ஸ் ஒன்றை இழுத்துக் கட்டினோம். நிறுவனர் சிலைக்குத் துண்டு போர்த்தி எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவராக்கினோம். முதல் பொங்கலுக்கு வந்தவள் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"அது என்ன கட்டடம் மாமா?" என்று பால்சாமியிடம் கேட்டாள்.

"அதுவா... கல்யாண மண்டபம் தாயி. அமெரிக்காவுல இருக்க ஒருத்தரு கட்டிவிட்டாரு."

"மஞ்சள் பஸ்ஸெல்லாம் நிக்குது?"

"மாப்பிள்ள அழைப்புக்கு."

"நல்லாக் கட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் கரையில் போய் நின்று இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் அப்படி நிற்பாள். நம்பிவிட்டாள் என்று நாங்கள் எங்களைத் தட்டிக் கொடுத்துக்கொண்டோம். தட்டிக் கொடுத்த கையால் எங்கள் தலையில் குட்டியிருக்க வேண்டும்.

படிப்பு முடிகிற வருஷம், மாசி மாதத்தில், விடுமுறை இல்லாத ஒரு நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வந்து இறங்கினாள். புனேயில் வேலை கிடைத்திருந்தது. நமத்துப்போன சாயங்காலப் பேச்சில் அதைச் சொல்ல மனசில்லாமல் நேரில் சொல்ல வந்திருந்தாள். பால்சாமிக்கு பிளக்ஸ் கட்ட ஆளை ஏவ நேரமில்லை. டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னது ஒன்றுதான் அவரால் முடிந்தது. கடை பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்தபடி அவள் நிற்கும்போது கண்மாய்ப் பக்கமிருந்து மணி அடித்தது, மைக் இருமிக்கொண்டு திறந்தது.

"த. செண்பகவல்லி."

தெருவில் நின்ற ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ளேன் ஐயா!" என்று அப்பாவின் குரல் வந்தது.

அவள் பையைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். தடுக்க அல்ல, தடுக்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை. கேட்டில் வாட்ச்மேன் வழக்கம்போல அடையாள அட்டை கேட்டார். முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். "ஒன் போட்டோவத்தான் தெனமும் பாக்கேன் தாயி. போ. போன மட்டும் கூடையில போட்டுரு."

கூடையில் அப்பாவின் பழைய போன் கிடந்தது. அவள் தன் போனை எடுத்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள். கூடைக்குள் அது கத்தியது, திரையில் 'தாயி' என்று வெளிச்சம் வந்தது. கத்தி ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் போனையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வகுப்பறை முழுக்கக் காலிப் பெஞ்சுகள். முன்வரிசையில் தவசிலிங்கம், சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் மகளோடு, பலகையைப் பார்த்தபடி இருந்தார். மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்த மனுஷர் நெஞ்சிலிருந்த அட்டையைக் கையால் மூடினார். ஜன்னலோரம் நெருக்கியடித்து நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"தெனமும் இங்கதான் இருந்தீங்களாப்பா?"

"போன... உள்ள விடமாட்டாவ தாயி."

"அந்த ரோட்டுல தனியா நடக்கும்போதுதாம்ப்பா கூப்புடுவேன். அந்த நேரந்தான் யாராவது கூட இருந்தா நல்லாருக்கும்னு இருக்கும்."

அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் மெல்லத்தான் சொன்னாள், ஆனால் எங்களில் ஒருத்தருக்கும் கேட்காமல் போகவில்லை.

"கம்மாயில எறியச் சொன்ன பொட்டலத்த அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன். அதுலயும் செவப்பு."

தவசிலிங்கத்தின் கை பெஞ்சிலிருந்து நழுவியது.

"அப்பாவுக்கு நான் பாரமாயிட்டேன், வாயால போன்னு சொல்லச் சங்கடப்பட்டு ஆத்தா மேல போட்டு அனுப்புதாருன்னு நெனச்சேன். போன் எடுக்காதப்ப நெனச்சது சரிதான்னு தோணிருச்சு. இது இங்க வந்து நின்னதப் பாத்தப்பகூட, எனக்குக் கெடைக்காமப் போனத ஆத்தா எனக்கே காட்டுதான்னுதான் நெனச்சேன்."

"பாரமா?" என்றார் அவர். "நீயா?" நெஞ்சில் தொங்கிய அட்டையைத் தூக்கி அவளிடம் காட்டினார், ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல. "நீ போயிட்டா இந்த வீட்டுக்குள்ள எப்படி இருக்கப்போறேன்னு பயந்து செத்தேன் தாயி. அது ஒனக்குத் தெரிஞ்சா நீ போவ மாட்டேன்னுதான் அப்படிப் பண்ணேன்."

"இருன்னு ஒரு சொல்லுச் சொல்லிருந்தா இருந்திருப்பேன். போன்னு சொல்லிருந்தா சந்தோசமாப் போயிருப்பேன். நீங்க ஒண்ணுமே சொல்லலியேப்பா."

பலகைப் பக்கம் திரும்பியிருந்த பேராசிரியர், "முதல் பெஞ்சில் பேச்சு வேண்டாம்" என்றார். இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, மணி அடிக்கிறவரை நேராக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் அதிக நாள் தங்கவில்லை, பரீட்சை இருந்தது. தங்கிய நாட்களில் அந்த வீட்டில் இரண்டு தட்டும் நிமிர்ந்தன. புனே வேலையைப் பற்றிச் சொன்னாள். சென்னையைவிட இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை. ரயிலடிக்கு நாங்களும் போயிருந்தோம். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி தவசிலிங்கம் சத்தமாகச் சொன்னார்.

"போ தாயி! நீ இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனாலும் போ!"

அவள் சிரித்துக்கொண்டே போனாள், ரயிலேறிப் போகும்போது அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை தவசிலிங்கம் வழக்கம்போலச் சவரம் செய்துகொண்டார். அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினார், பிறகு கழற்றிக் கடை ஆணியில் தொங்கவிட்டார். கடையைத் திறந்தார், அடுப்பை மூட்டினார், மாவு பிசைந்தார். ஒன்பது மணிக்குக் கண்மாயில் மணி அடித்தபோது ஊரில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள், குழாயடியில் குடம் வைத்தவள் குழாயை மூடினாள்.

"த. செண்பகவல்லி."

அவர் மாவை அச்சில் அடைத்தார்.

"த. செண்பகவல்லி."

சட்டிக்கு நேராக அச்சைப் பிடித்தார். மூன்றாவது தடவை குரல் கூப்பிட்டபோது அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு அச்சை அழுத்தினார், சேவு எண்ணெயில் விழுந்து சீறியது. குரல் வெகுநேரம் காத்திருந்தது. அது அவ்வளவு நேரம் காத்திருந்து நாங்கள் கண்டதில்லை. பிறகு ஒரு தாளைத் திருப்புகிற சத்தம் மைக்கில் கேட்டது, மைக் அணைந்தது.

கண்மாய்க்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேற்கே போய்க்கொண்டிருந்த ராக்கு, எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லாமல், ஆடுகளைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாய் வற்றலைப் பெண்கள் கருவேலஞ் செடிகளுக்கு நடுவே பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

தவசிலிங்கத்தின் சட்டைப் பையில் அப்போது போன் அடித்தது. அத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அது அவர் கையெட்டும் தூரத்தில் அடித்ததில்லை. மாவுக் கையோடு தடவித் தடவி எடுத்து, எந்தப் பொத்தான் என்று தடுமாறி, காதில் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் சொன்னார்.

"உள்ளேன் ஐயா!"

அந்தப் பக்கமிருந்து சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குப் பிடிபடாத ஒரு சத்தம் கேட்டது. சட்டியில் சேவு கருகி வாடை தெருவரைக்கும் வந்தது, அவர் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.